மாடம், லாயம், லயம்

2025 மே 31, சனிக்கிழமை. பினாங்கு பத்து கந்தோங் திடலில் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. 1864இல் தொடங்கிய கிளப் அது. தன்னைக் கலைத்துக்கொள்ள அதன் உறுப்பினர்கள் முந்திய ஆண்டே வாக்களித்திருந்தார்கள். அதற்கு எட்டு மாதம் முன்னால், 2024 அக்டோபர் 5ஆம் நாள், சிங்கப்பூர் கிராஞ்சியிலும் இதே கதை நடந்தது. அங்கே கிளப்பின் வயது 182. சிங்கப்பூர், கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு என்று நான்கு திடல்களைக் குதிரைகள் மாறிமாறிச் சுற்றிவந்த ஒரு வட்டம் இருந்தது. இன்று ஈப்போவும் கோலாலம்பூரை ஒட்டிய சுங்கை பீசியும்தான் மிச்சம்.

பாரிட் புந்தார்க்காரர்களுக்கு இது பக்கத்து வீட்டுச் சாவு. எங்கள் பேராக் மாநிலத்தின் தலைநகர் ஈப்போ என்றாலும், எங்களுக்குக் கிட்டத்தில் இருந்த ரேஸ் கோர்ஸ் பினாங்குதான். கெரியான் ஆற்றைத் தாண்டினால் நிபோங் திபால், அது பினாங்கு மாநிலம். இன்னொரு பக்கம் பண்டார் பாரு, அது கெடா. மூன்று மாநிலம் முட்டிக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது ஊர். 1985இல் பாலம் வருவதற்கு முன் பட்டர்வொர்த் போய்ப் படகேற வேண்டும். அப்போதும் ஈப்போவைவிட அது கிட்டம்தான்.

குதிரை போய்விட்டது. நிற்பது கட்டடம். பந்தயத் திடலில் எல்லாவற்றையும்விடப் பெரிதாக நிற்பது, நாம் கிராண்ட் ஸ்டாண்ட் என்று சொல்லிப் பழகிய பார்வையாளர் மாடம். அதை இடிப்பதா, வைத்துக்கொள்வதா என்ற சண்டை இனி ஊருக்கு ஊர் வரும். அந்தச் சண்டைக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, அது என்ன பெறும் என்பது. நிலத்தின் விலையைச் சொல்லவில்லை. பாரம்பரியமாக அது என்ன பெறும்?

ஆஸ்திரேலியாவின் பழைய செம்புச் சுரங்க ஊரான பர்ராவில் 1979இல் எழுதப்பட்ட சாசனம் ஒன்று இந்தத் துறையில் வேதம்போல. என்ன செய்யலாம் என்று முடிவெடுக்கும் முன், அந்த இடம் ஏன் முக்கியம் என்பதை எழுதிவை என்கிறது பர்ரா சாசனம். அழகு, வரலாறு, அறிவியல், சமூகம், ஆன்மிகம் என்று ஐந்து கோணங்களையும் தருகிறது. கேட்க எளிது. பந்தய மாடத்தின் முன்னால் நோட்டுப் புத்தகத்தோடு போய் நின்றால்தான் சிக்கல் தெரியும். கோயிலுக்கும் அரண்மனைக்கும் முகப்பு உண்டு. மாடத்துக்கு முகப்பு என்று எதைச் சொல்வது? சாலையிலிருந்து பார்த்தால் முதுகு. திடலிலிருந்து பார்த்தால் வெறும் படிக்கட்டும் நிழலும்.

மாடம் என்ற சொல்லை வேண்டுமென்றேதான் எடுக்கிறேன். உலா இலக்கியத்தில் பேதை முதல் பேரிளம்பெண் வரை மாடத்திலும் வாயிலிலும் நின்று பவனி வரும் தலைவனைப் பார்க்கிறார்கள். பார்ப்பதற்கும் பார்க்கப்படுவதற்குமான இடம் அது. குதிரைப் பந்தய மாடமும் அப்படித்தான். கட்டடக்காரர்கள் அதை ஒரு கட்டடமாக நினைப்பதில்லை. பார்வையைத் தயாரிக்கும் எந்திரமாக நினைக்கிறார்கள்.

அந்த எந்திரத்தைப் புரிந்துகொள்ள அதைக் கேக் வெட்டுவதுபோலக் குறுக்கே வெட்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்திருப்பவரின் கண்ணிலிருந்து முடிவுக் கம்பம் வரை ஒரு கோடு. அந்தக் கோடு முன்வரிசைக்காரரின் உச்சந்தலைக்கு எத்தனை உயரத்தில் போகிறது என்பதுதான் கணக்கு. ஒன்பது முதல் பன்னிரண்டு சென்டிமீட்டர் இருந்தால் நன்றாகத் தெரியும். குறைந்தால் தலையைச் சாய்க்க வேண்டும். பின்வரிசைக்குப் போகப் போக இந்த இடைவெளி சுருங்கும் என்பதால், நல்ல மாடத்தில் மேற்படிகள் கீழ்ப்படிகளைவிடச் செங்குத்தாக ஏறும். வெளியே நின்று பார்ப்பவருக்கு அது ஓர் அழகிய வளைவு. உண்மையில் யாரோ ஒருவருடைய தொப்பியின் உயரம்.

அடுத்த எதிரி தூண். கூரையைத் தாங்கும் தூண் முன்னால் நின்றால் குதிரை அதன் பின்னால் ஒளிந்துவிடும். அதுவும் கம்பத்தை நெருங்கும் வேளையில் ஒளிந்தால் காசு கட்டியவனுக்கு உயிர் போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டு மாடங்களில் வார்ப்பிரும்புத் தூண்கள் வரிசையாக நின்றன. இருபதாம் நூற்றாண்டில் இரும்புக் கம்பி பொதிந்த கான்கிரீட் வந்ததும் பொறியாளர்கள் தூணைப் பின்னுக்குத் தள்ளி, கூரையை நீட்டிய கைபோலக் காற்றில் விட்டார்கள். நீண்ட கையின் பாரத்தைப் பின்பக்கம் யாராவது பிடித்து இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் கவிழும்.

இந்தச் சிக்கலை இதுவரை யாரும் மிஞ்ச முடியாத வகையில் தீர்த்தவர் ஸ்பெயின் பொறியாளர் எடுவார்டோ டொரோஹா. மாட்ரிட் நகரத்துக்கு வெளியே சர்சுவேலா பந்தயத் திடலுக்காக, கார்லோஸ் அர்னிசெஸ், மார்ட்டின் டொமிங்கெஸ் என்ற இரு கட்டடக் கலைஞர்களோடு சேர்ந்து 1935இல் அவர் வடிவமைத்த கூரை, ஏறத்தாழ 13 மீட்டர் முன்னால் நீள்கிறது. அதன் விளிம்பில் கனம் 5 சென்டிமீட்டர். கையகலத்துக்கும் குறைவு. வரிசையாக விரித்துவைத்த சிப்பிகள்போல வளைந்திருப்பதால்தான் அத்தனை மெல்லியது நிற்கிறது. பின்பக்கம் அதைப் பிடித்து இழுப்பது, பணம் கட்டும் கூடத்தின் கூரையோடு கட்டிய இழுகம்பி. பந்தயக் கூடத்தின் பாரம்தான் பார்வையாளர் தலைக்கு மேலுள்ள நிழலைத் தாங்குகிறது. இதைவிட நேர்மையான பந்தயக் கட்டடம் உலகத்தில் இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றும். உள்நாட்டுப் போரில் குண்டுகள் துளைத்தும் கூரை விழவில்லை. திறப்பு 1941இல். 1996இல் திடல் மூடப்பட்டது, 2005இல் மீண்டும் ஓடத் தொடங்கியது, 2009இல் நாட்டின் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமானது. ஒரு நவீன மாடம் அடையக்கூடிய உச்ச மரியாதை இது. மற்ற ஊர் மாடங்களை இதன் பக்கத்தில் வைத்து அளந்தால் எல்லாமே தோற்கும். அந்த அளவையே தவறு என்பதற்குப் பிறகு வருகிறேன்.

நம் மலேசியச் சட்டம் என்ன சொல்கிறது? 1976ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்கு நூறு வயது ஆகாத கட்டடம் எளிதில் கண்ணில் படாது. அதன் இடத்தில் வந்த 2005ஆம் ஆண்டுத் தேசியப் பாரம்பரியச் சட்டம் வயதுக் கணக்கை விட்டுவிட்டு, 67ஆம் பிரிவில் ஒன்பது அளவுகோல்களை வைத்தது. நாட்டு வரலாற்றோடு உள்ள தொடர்பு, நல்ல வடிவமைப்பு, தொழில்நுட்பப் புதுமை, சமூக உறவு, அரிதாக இருப்பது, தன் இனத்துக்கு மாதிரியாக நிற்பது என்று போகும் அந்தப் பட்டியல். நூறு வயது தேவை என்றிருந்தால் நவீனக் கட்டடம் ஒன்றும் தப்பியிருக்காது.

வயதுக் கணக்கு என்ன செய்யும் என்று பார்க்க டில்லிக்குப் போக வேண்டும். ராஜ் ரேவால் வடிவமைத்து, மகேந்திர ராஜ் பொறியியல் பார்த்து, 1972இல் எழுந்தது பிரகதி மைதானத்தின் ஹால் ஆஃப் நேஷன்ஸ் கண்காட்சிக் கூடம். அறுபது வயது ஆகவில்லை என்று பாரம்பரியக் குழு கைவிரித்தது. 2017 ஏப்ரலில் ஓர் இரவில் இடித்தார்கள். இருபதாம் நூற்றாண்டுக் கட்டடங்களைக் காப்பது எப்படி என்று உலக நினைவுச் சின்ன நிபுணர்கள் அதே ஆண்டு டிசம்பரில் ஓர் ஆவணத்தை ஏற்றார்கள். கூடிய ஊர் டில்லி. ஆவணத்தின் பெயர் மாட்ரிட்–புதுடில்லி ஆவணம்.

எங்கள் நாட்டில் இதற்கு எதிர்மாறான ஒரு நல்ல கதை உண்டு, அதுவும் மாடத்தின் கதை. பொதுப்பணித் துறையின் ஸ்டான்லி ஜூக்ஸ் வடிவமைத்த கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கம் 1957 ஆகஸ்டு 30 அன்று திறக்கப்பட்டது. மறுநாள் சுதந்திரம். குன்றைக் குடைந்து அதன் சரிவிலேயே படிகளை உட்கார வைத்ததால் தாங்கும் கட்டுமானம் குறைந்தது. காலமும் பணமும் இல்லாத நாட்டுக்கு ஏற்ற புத்தி. 1990களில் அதை இடித்து வணிக வளாகம் கட்டத் திட்டமிட்டார்கள். பொருளாதார நெருக்கடி வந்து காப்பாற்றியது. 2007இல், பின்னால் ஒட்டவைத்த அடுக்குகளைக் கழற்றி, 1957இல் இருந்த உருவுக்குக் கொண்டுவந்தார்கள். 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் உயர் விருது கிடைத்தது. ஐம்பது வயதுக் கான்கிரீட்டும் பாரம்பரியமாகலாம் என்பதற்கு அது சாட்சி. ஆனால் மெர்டேக்காவுக்கு ஒரு வசதி இருந்தது. அங்கே நடந்தது சுதந்திரப் பிரகடனம். குதிரைப் பந்தய மாடத்தில் நடந்தது சூதாட்டம். சுதந்திரத்தைக் காப்பதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை.

அதனால் சூதாட்ட மாடத்தையே எடுத்துக்கொண்டு பார்ப்போம். எங்களுக்கு அடுத்த வீட்டில், சிங்கப்பூரில், முழுமையான எடுத்துக்காட்டு நிற்கிறது.

சிங்கப்பூரின் முதல் பந்தயத் திடல் சிராங்கூன் சாலையை ஒட்டிய ஃபேரர் பார்க்கில் இருந்தது. இன்று வாழை இலைச் சாப்பாட்டுக்குப் பெயர்போன ரேஸ் கோர்ஸ் ரோடு அந்தத் திடலின் மிச்சம். மாட்டு வியாபாரமும் குதிரைத் திடலும் பக்கம் பக்கமாக இருந்த அந்த வட்டாரம்தான் இன்று லிட்டில் இந்தியா. 1911இல் சிங்கப்பூரின் முதல் விமானம் பறந்ததும் அங்கேதான். 1942 பிப்ரவரி 17இல், சரணடைந்த ஏறத்தாழ 45,000 இந்தியச் சிப்பாய்களை ஜப்பானியர் அங்கே திரட்டினார்கள், மோகன் சிங் பேசினார், இந்திய தேசிய ராணுவத்தின் விதை விழுந்தது. பந்தயம் அதற்கு முன்பே அங்கிருந்து போய்விட்டது. பந்தயத் திடலுக்கு இருக்கும் வினோத குணம் இது: ஊருக்குள் இருக்கும் ஒரே பெரிய வெற்று நிலம் என்பதால், குதிரைக்குச் சம்பந்தமில்லாத வரலாறெல்லாம் அதன்மேல் வந்து இறங்கும். கொழும்பிலும் அப்படித்தான். 1942 ஏப்ரல் 5இல் ஜப்பானிய விமானங்கள் தாக்க வந்தபோது, பந்தயத் திடலில் ஒளித்துவைத்த விமான ஓடுதளம் ஒன்று இருப்பது அவர்களுக்குத் தெரியாது. மாடத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. தாளைப் புரட்டினால்தான் கிடைக்கும்.

ஃபேரர் பார்க் நெரிசலானதும் கிளப் நகரத்துக்கு வெளியே நிலம் தேடியது. வாங்கியது புக்கிட் தீமா ரப்பர் தோட்டத்தை. மரங்களை வெட்டி, சமப்படுத்தி, ஓடுபாதை போட்டு, 1933 ஏப்ரல் 15இல் ஆளுநர் சிசில் கிளெமென்டி புதிய திடலைத் திறந்துவைத்தார். அன்றைய மாடம் இன்றும் நிற்கிறது. வடக்கு மாடம் என்பார்கள். அதற்குத் துணையாகத் தெற்கு மாடம் பின்னால் வந்தது. 1917இல் ஈப்போ ரயில் நிலையத்தைக் கட்டியவர்கள் கும்மட்டம் வைக்காமல் விடவில்லை. பதினாறு வருடம் கழித்து எழுந்த இந்த மாடத்தில் கும்மட்டத்துக்கு வேலையே இல்லை. படி, நிழல், நீளம், அவ்வளவுதான். அந்தப் பத்தாண்டில்தான் மலாயாவுக்கு நவீனம் வந்து சேர்ந்தது. ஈப்போவில் தொழில் நடத்திய டென்மார்க்குக் கட்டடக் கலைஞர் பி.எம். ஐவர்சன் ஊர் ஊராகச் சினிமாக் கொட்டகை வடிவமைத்த காலம் அது. கொட்டகையும் மாடமும் ஒரே குடும்பம். டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து பார்ப்பதற்கான இடங்கள்.

புக்கிட் தீமாவில் 1999 வரை குதிரை ஓடியது. 1966 மே மாதம் அந்தத் திடலில்தான் சிங்கப்பூர் கிளப் நான்கு நம்பர் குலுக்கலைத் தொடங்கியது. நம் வீடுகளில் கனவில் பாம்பு வந்தால் என்ன நம்பர் என்று கேட்கிற பழக்கத்துக்கு ஒரு பிறந்த வீடு தேட வேண்டுமானால், அதில் ஓர் அறை இங்கே இருக்கும். 1972இல் எலிசபெத் ராணி வந்து கோப்பை கொடுத்தார். குதிரை கிராஞ்சிக்குப் போன பிறகு மாடங்கள் கடைத்தெருவாயின: பழைய கார் விற்பனை, நாற்காலி மேசைக் கடை, சாப்பாட்டுக் கடை, குழந்தைகள் பள்ளி. இருபது ஆண்டுக்கும் மேல் அது நடந்து 2023இல் முடிந்தது. 2024 மே மாதம் அரசு திட்டத்தை வெளியிட்டது: 176 ஹெக்டேர் நிலத்தில் 15,000 முதல் 20,000 வீடுகள். இரு மாடங்களையும் வேறு சில பழைய கட்டடங்களையும் வைத்துக்கொள்ளும் வழி ஆராயப்படும் என்றும் அப்போது சொன்னது.

இப்போது அளவுகோலை எடுத்து வைப்போம். தொழில்நுட்பப் புதுமையில் சர்சுவேலாவுக்கு முன் வடக்கு மாடம் நிற்காது. அதை ஒப்புக்கொண்டு போய்விடலாம். வடிவமைப்பில் நடுத்தரத்துக்குச் சற்று மேல் என்பேன். அரிதாக இருப்பது என்ற இடத்தில்தான் விசித்திரம். 2023இல் இதைக் கேட்டிருந்தால் மலாயாச் சுற்றில் இன்னும் நான்கு திடல் ஓடிக்கொண்டிருந்தது, இது கைவிட்ட ஒன்று என்று மதிப்பு குறைந்திருக்கும். இரண்டே ஆண்டில் இரண்டு திடல் மூடியது, மதிப்பு ஏறிவிட்டது. கட்டடத்தில் ஒரு செங்கல் மாறவில்லை. பக்கத்து வீடுகள் சாகச் சாக விலை ஏறும் பண்டம் இது. பட்டியல் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எல்லாம் போகட்டும் என்று காத்திருந்தால், மிஞ்சியதற்குத் தானாகப் பெருமை வந்துவிடும். ஆனால் ஒப்பிட ஆள் இருக்காது.

சமூக உறவு என்ற அளவுகோலில் இரண்டு தலைமுறை இரண்டு கதை சொல்லும். அறுபது வயதுக்காரருக்கு அது ரேஸ். முப்பது வயதுக்காரருக்கு அப்பா பழைய கார் வாங்கிய இடம். எது உண்மையான நினைவு? இரண்டும்தான். மெர்டேக்காவில் செய்ததுபோல ஒரே ஓர் ஆண்டைத் தேர்ந்து மற்றதையெல்லாம் கழற்றிவிடும் வேலை இங்கே செல்லாது. அங்கே ஒரு நாள் மற்ற எல்லா நாளையும்விடப் பெரிது. இங்கே அப்படி ஒரு நாள் கிடையாது. திரும்பத் திரும்ப வந்த சனிக்கிழமைகள்தான் உண்டு.

இவ்வளவும் மாடத்தைப் பற்றி. மாடத்தை மட்டும் பார்த்தால் பாதிக்கு மேல் தப்பிவிடும்.

குதிரை கட்டும் இடத்துக்குத் தமிழில் லாயம் என்று பெயர். தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு நாங்கள் வைத்த பெயர் லயம். ஒன்று தமிழில் நெடுங்காலமாகப் புழங்கும் சொல். மற்றது வரிசை என்று பொருள்படும் ‘லைன்’ என்ற ஆங்கிலச் சொல் எங்கள் வாயில் பட்டுத் தேய்ந்தது. ஒரு கால் எழுத்துதான் வித்தியாசம். பார்க்கவும் இரண்டும் ஒரே மாதிரி: நீளமான தகரக் கூரை, அடுத்தடுத்து ஒரே அளவு அறைகள், முன்னால் ஒரு தாழ்வாரம், ஓரத்தில் தண்ணீர்க் குழாய். குதிரையின் அறை சில இடங்களில் பெரிதாக இருந்தது என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளக்கூடாது. அது ஆயிரக்கணக்கில் விலை கொடுத்துக் கடல் கடந்து வந்த உயிர். நாமும் கடல் கடந்துதான் வந்தோம்.

புக்கிட் தீமாவில் இந்த இரண்டு சொல்லும் ஒரே மண்ணில் அடுக்காகக் கிடக்கின்றன. கீழே ரப்பர் தோட்டம், மேலே பந்தயத் திடல். குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டி, தீனி வைத்து, காலாற நடக்க வைத்து, பந்தய நாளில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வட்டம் சுற்றி வரும் ஆளை மலாயாவில் சைஸ் என்பார்கள். தமிழர், மலாய்க்காரர், பவியான் தீவிலிருந்து வந்தவர்கள் என்று அந்த வேலையில் எல்லாரும் இருந்தார்கள். மாடத்தில் அவர்களுக்கு நாற்காலி இல்லை. அவர்கள் குதிரையைப் பார்த்த கோணம் வேறு: குளம்பிலிருந்து மேல்நோக்கி. மாடத்தின் குறுக்குவெட்டை எத்தனை நுணுக்கமாக வரைந்தாலும் அந்தக் கண் அதில் வராது.

இதனால்தான் சர்சுவேலாவை உரைகல்லாக வைப்பது தவறு என்றேன். அங்கே சாதனை கூரையில் இருக்கிறது. நம் பக்கத்து மாடங்களின் முக்கியத்துவம் ஏற்பாட்டில் இருக்கிறது: உறுப்பினர் மாடம், பொது மாடம், கம்பிவேலி, லாயம், ஊழியர் வீடு, எல்லாவற்றுக்கும் நடுவில் புல்வெளி. யார் எங்கே நிற்கலாம் என்று ஒரு காலனிச் சமூகம் தன்னைத்தானே கான்கிரீட்டில் வரைந்துகொண்ட படம் அது. படத்தின் நடுத்துண்டை மட்டும் வெட்டி எடுத்துச் சட்டம் போட்டால், அது அழகான கட்டடமாகிவிடும். சாட்சியாக இருக்காது.

எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இதற்குப் பாடம் உண்டு. நிபோங் திபாலுக்கு அருகில் கலிடோனியா தோட்டத்துத் துரையின் மாளிகை பாழாக நிற்கிறது. 99 கதவு மாளிகை என்று பேய்க்கதை தேடி வருகிறவர்கள் படமெடுத்துப் போகிறார்கள். அந்த மாளிகையைச் சுமந்த லயங்களைத் தேடி யாரும் வருவதில்லை. கெரியான் வட்டாரத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில் கரும்புத் தோட்டம், பிறகு ரப்பர், பிறகு செம்பனை. மூன்று பயிருக்கும் தமிழர் கை பட்டது. பயிர் மாறும்போதெல்லாம் அவர்கள் இருந்த இடம் அழிந்தது. கல்லில் கட்டியது துரையின் வீடு என்பதால் மிஞ்சியதும் அதுதான். பாரம்பரியம் என்று நாம் கொண்டாடுவதில் பெரும்பகுதி, நல்ல சாமானில் கட்டியது என்பதைத் தவிர வேறு தகுதி இல்லாதது.

மாடம் எதைப் பார்க்கிறது என்பது அடுத்த விஷயம். பார்வை எந்திரத்துக்கு முன்னால் இருக்கும் வெளியைப் பறித்துவிட்டால் எந்திரம் குருடு. கோலாலம்பூர் இதைத் தலைகீழாகச் செய்தது. சிலாங்கூர் பந்தயக் கிளப் 1896இல் தொடங்கி அம்பாங் சாலையில் நடத்திய திடலில்தான் இன்று பெட்ரோனாஸ் கோபுரங்கள் நிற்கின்றன. மாடம் போய்விட்டது. ஆனால் 50 ஏக்கர் பூங்கா ஒன்று மிஞ்சியது. அதை வடிவமைத்தவர் நவீன நிலவடிவமைப்பின் பெரிய கைகளில் ஒருவரான பிரேசிலின் ராபர்ட்டோ புர்லே மார்க்ஸ். பந்தயத் திடல் செத்த பிறகு அங்கே உயர்ந்த நவீனம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் அங்கே குழந்தைகளோடு வரும் குடும்பங்களில் எத்தனை பேருக்கு அது ரேஸ் கோர்ஸ் என்று தெரியும்? கொழும்பில் மறுபக்கம். 1956இல் பண்டாரநாயக்க அரசு பந்தயத்தை நிறுத்தியது. மாடம் நெடுநாள் கிடந்து, 2012இல் கடைவீதியாகத் திரும்பி வந்தது. முன்னால் இருந்த திடலில் ரக்பி ஆடுகிறார்கள். மாடம் இன்னும் எதையோ பார்க்கிறது. எனக்கு இந்த இரண்டில் கொழும்புதான் பிடிக்கும், கடைகளின் அலங்காரத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டியிருந்தாலும்.

சென்னையில் இந்தக் கேள்வியே எழவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். கிண்டியில் 1777 முதல் குதிரை ஓடியதாகச் சொல்வார்கள். 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு 160 ஏக்கருக்குச் சீல் வைத்தபோது பேச்செல்லாம் ஆண்டு வாடகை 614 ரூபாய், பாக்கி 730 கோடி, வெள்ளநீர்க் குளம், பூங்கா என்று போனது. எல்லாம் நியாயமான பேச்சுதான். சென்னைக்குக் குளம் வேண்டும். அங்கே நிற்கும் மாடங்கள் என்ன பெறும் என்று ஒருவர் எழுதிவைத்துவிட்டுக் குளம் வெட்டியிருந்தால் குளம் ஆழம் குறைந்திருக்காது.

சூதாட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் நேர்மையாகாது. 1974இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழ்நாடு சட்டம் போட்டது. 1996இல் உச்ச நீதிமன்றம் இது திறமை ஆட்டம் என்று தீர்ப்புச் சொன்னது. ஆனால் எங்கள் தோட்டத்துச் சம்பளத்தில் ரேஸுக்குப் போன பங்கு எந்த நீதிமன்றக் கட்டிலும் கிடையாது. சம்பள நாளன்று வீட்டுக்கு வராத பணத்துக்காக அழுத பெண்களுக்கு அந்த மாடம் பெருமைச் சின்னம் அல்ல. முஸ்லிம்களுக்கு மார்க்கமே தடுக்கிறது. ஆக, எங்கள் நாட்டில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மனத்தளவில் ஒதுங்கி நிற்கும் ஒரு கட்டடத்துக்குச் சமூக மதிப்பு உண்டா? உண்டு என்பதே என் கணக்கு. மதிப்பு என்பதைப் பாசம் என்று படிப்பதால் வரும் குழப்பம் இது. ஒரு சமூகத்துக்கு வலி எங்கே ஏற்பட்டது என்று காட்டும் இடமும் அதற்கு முக்கியமானதுதான். ஆனால் மதிப்பீட்டு அறிக்கையில் அந்த வலிக்கு ஒரு பத்தி இருக்க வேண்டும். வென்ற குதிரைகளின் பெயரும் கோப்பை கொடுத்த ராணியின் படமும் மட்டும் போட்டு அச்சடித்தால், அது கிளப்பின் ஆண்டு மலர்.

கான்கிரீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊர் ஈரத்தில் எண்பது தொண்ணூறு வயதுக் கான்கிரீட் உள்ளுக்குள் நோயாளி. காற்றும் ஈரமும் மெல்லப் புகுந்து கம்பியைத் துருவாக்கும், துரு உப்பும், மேற்பூச்சு வெடித்து விழும். அதைச் சரிசெய்யக் கூடுதலாக இரண்டு அங்குலம் பூசினால் கூரை பிழைக்கும், மெல்லிய விளிம்பு தடித்துப்போகும். விளிம்பின் மெல்லிசுதான் நவீனத்தின் அழகு என்றால், மருந்தே நோயாளியின் முகத்தை மாற்றிவிடும். பழைய கோயில் கல்லுக்கு இந்தச் சங்கடம் கிடையாது.

பினாங்குக்குத் திரும்புவோம். கிளப் பத்து கந்தோங்குக்கு வந்தது 1939இல். ஜார்ஜ் டவுனின் உலகப் பாரம்பரிய எல்லை, காப்பு வளையத்தையும் சேர்த்து, நகரத்தின் வடகிழக்கு மூலையில் சுமார் 259 ஹெக்டேர். பந்தயத் திடல் அதற்கு வெகு வெளியே. பினாங்குக்கென்று 2011ஆம் ஆண்டு மாநிலப் பாரம்பரியச் சட்டம் இருக்கிறது, தேவைப்பட்டால் எடுத்துப் புரட்டலாம். ஆனால் ஓடுகிற திடலை அளப்பதற்கும் ஓய்ந்த திடலை அளப்பதற்கும் வித்தியாசம் உண்டு. ஓய்ந்த திடலில் கட்டடம்தான் மிஞ்சும். வேலை போய்விடும். ஆள் போய்விடுவான்.

அதனால் இப்போது கவனிக்க வேண்டிய இடம் ஈப்போ. ராஜா டிஹிலிர் சாலையில் பேராக் பந்தயக் கிளப்பின் திடலில் இன்னும் குதிரை ஓடுகிறது. சுண்ணாம்புக் குன்றுகள் பின்னணியில் நிற்கும் அந்த வெளியை அளக்கக் கட்டடக் கல்லூரி மாணவர்களை அனுப்பலாம். படிகளின் ஏற்றம், பார்வைக் கோடு, கூரையின் கனம், எந்த ஆண்டில் எது ஒட்டப்பட்டது என்று எல்லாம் வரைந்து வரட்டும். கூட்டம் கத்தும் சத்தத்தையும் ஒலிப்பதிவு செய்யட்டும். கான்கிரீட்டின் கீழ் அது எப்படித் திரும்பி ஒலிக்கிறது என்பது காலி மாடத்தில் கிடைக்காது. ஆனால் அந்த வேலையைப் பிற்பகலில் வைத்துக்கொள்ளலாம். குதிரைக்குப் பயிற்சி விடியலில். வெயில் ஏறும் முன் ஓட்டி, கழுவி, கட்டிவிடுவார்கள். முதல் நாள் முதல் வேலையாக, மாடத்தில் ஒருவரும் இல்லாத அந்த நேரத்தில், லாயத்துக்குப் போய் அங்கே நிற்கிற பெரியவரிடம், “ஐயா, எந்தத் தோட்டம்?” என்று கேட்டு உட்கார வேண்டும்.